சீனியை விட்டால் போதுமா?

"ஐயா, சீனிய விட்டு ஆறு மாசம் ஆச்சு. தேத்தண்ணியக்கூட வெறுமனேதான் குடிக்கிறேன். அப்புறம் ஏன் ரத்தத்துல இனிப்பு இறங்கவே மாட்டேங்குது?"

செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டது இது. ராத்திரிச் சாப்பாடு என்ன என்று விசாரித்தேன். "சோறுதான், மூணு தட்டு. சோறு என்ன இனிப்பா?" என்றார்.

தோழர்களே, தாய்மார்களே! ஒரு பிடி சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் நன்றாக மென்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சில் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் வேலையை வாயிலேயே தொடங்கிவிடுகிறது.

வெயில், தண்ணீர், காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு பச்சை இலை குளுக்கோஸ் செய்கிறது. செகிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களில் நெற்பயிரும், கோல சிலாங்கூர் தோட்டங்களில் செம்பனையும் செய்வது இதுதான். ரப்பர் மரத்துப் பாலுக்கும் மூலப்பொருள் இலை தந்த சர்க்கரையே.

குளுக்கோஸை ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியில் இரண்டே மணிகள்: ஒன்று குளுக்கோஸ், மற்றது பழச்சர்க்கரை. அரிசியிலும் மரவள்ளியிலும் உள்ள மாவுச்சத்து, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சரம். புல்லிலும் மரக்கட்டையிலும் இருப்பதும் அதே மணிதான்; கோத்த முறை வேறு. அந்த முடிச்சை அவிழ்க்க நம் உடம்புக்குத் தெரியாது. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்கிருமிகளுக்குத் தெரியும். அதனால் மாடு புல் தின்று பிழைக்கிறது. கீரை, காயிலுள்ள அந்த நார் நமக்குப் பலம் தராவிட்டாலும் மலச்சிக்கலைத் தடுக்கும். சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏற உதவும்.

நல்ல உடம்பில், சாப்பிடாத நேரத்தில், ரத்தம் முழுவதிலும் இருக்கும் குளுக்கோஸ் சுமார் ஒரு தேக்கரண்டிதான். 200 கிராம் சோற்றிலோ 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. அதாவது பத்துத் தேக்கரண்டிச் சீனிக்குச் சமம்! வந்து சேரும் குளுக்கோஸைத் தசைக்குள் அனுப்பும் சாவி இன்சுலின். மிச்சத்தைக் கல்லீரலும் தசையும் சேமித்து வைக்கும். சாவி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்திலேயே தங்கிவிடும். அதுதான் இனிப்புநீர். 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 31 பேருக்கு இந்நோய்.

அதற்காகச் சோற்றைப் பகையாக நினைக்க வேண்டாம். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் முன்னோர். மாவுச்சத்துதான் உழைப்புக்கு எரிபொருள். அளவும் நேரமும்தான் முக்கியம்.

பசியாறாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறார்கள் சிலர். இனிப்புநீருக்கான சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே வேலையை நிறுத்துங்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தாய்மார்களே, தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு என்று வையுங்கள். காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுத்தே வேலைக்கு அனுப்புங்கள். மாத்திரையை யாரும் தானாக நிறுத்த வேண்டாம். என்னையோ அரசாங்கக் கிளினிக்கையோ கேளுங்கள்.

அந்த அண்ணன் இப்போது ராத்திரியில் ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்கிறார். காலையில் பசியாறிவிட்டுத்தான் அரிவாளைத் தூக்குகிறார். அடுத்த மாதம் மீண்டும் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள்.