அம்மாவின் பொத்தான் வைத்த கிடார்

காலேஜ் நாட்களில் எனக்கு 'குவீன்' என்றால் உயிர். இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழு. 1984ல் ஹாஸ்டல் தோழி பதிவு பண்ணிக் கொடுத்த காஸெட்டை, நாடா சிக்கும்போதெல்லாம் பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றிக் கேட்பேன். கல்யாணமாகி வந்த வீட்டில், "இதென்ன காட்டுக் கத்தல்?" என்றார்கள். காஸெட் பரணுக்குப் போயிற்று. இப்போது மருமகள் செல்போனில் அதே பாட்டுக்களைப் போட்டுத் தருகிறாள்.

அன்று பிரெட்டி மெர்க்குரியின் குரல் மட்டும்தான் காதில் விழுந்தது. 1946ல் ஸான்ஸிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை. பள்ளிப்படிப்பு நம் மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில்! அப்போதே தெரிந்திருந்தால், "நம்ம நாட்டில் படித்த பையன்தான் அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிப் பார்த்திருப்பேன்.

இப்போது கிடார்தான் காதை இழுக்கிறது. பிரையன் மே அதைக் கடையில் வாங்கவில்லை, வாங்க வசதியில்லை. 1963ல், பதினாறு வயதில், அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தாராம். கழுத்துப் பாகம், குளிர் காயும் கணப்பிலிருந்து எடுத்த பழைய மரம். ஸ்பிரிங், பழைய மோட்டார் சைக்கிளுடையது. விரல் வைக்க அடையாளமாக இருக்கும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த சிப்பிப் பொத்தான்கள். ஸ்வரத்தை நெளிக்கிற பிடியின் நுனியில் ஸ்வெட்டர் பின்னும் ஊசித்துண்டு! உலகமெல்லாம் கைதட்டிய அந்த நாதத்தில் ஓர் அம்மாவின் பொத்தான் டப்பாவும் இருக்கிறது, பாருங்கள்.

'பொஹீமியன் ராப்ஸடி' (1975) பாட்டின் நடுவே பெரிய கோஷ்டியே பாடுவது போலிருக்கும். மூன்றே பேர்தான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பாடிப் பாடிப் பதிவு செய்ததில் நாடாவே தேய்ந்து, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிந்ததாம். சும்மாவா?

'மதர் லவ்' மட்டும் எனக்குப் புதிது. 1991ல் நோய் முற்றிய நிலையில் பிரெட்டி பாடியது. கடைசிச் சரணத்தைப் பாடாமலே, அந்த நவம்பரில் 45 வயதில் போய்விட்டார். அதை பிரையன் மே பாடி முடிக்க, 1995ல் வெளிவந்தது. அப்போது எனக்குப் பிள்ளைகளின் ஸ்கூல் பையும் டிபன் டப்பாவும்தான் உலகம்.

குரல் மாறுகிற அந்த இடத்தில் குக்கர் விசிலடித்தால் எனக்குக் கோபம் வருகிறது. மருமகள் ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, "முடியட்டும் அத்தை, அப்புறம் வைக்கலாம்" என்கிறாள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.