ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்? கேன் வாங்கும் முன்பும், எஞ்சின் பழுதான பின்பும்

செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ஜி.என்.டி. சாலையில் சோழவரம் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே கார் பந்தயக் களமானது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து போனார்கள். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் திறந்தபின் சோழவரம் அடங்கிவிட்டது.

அந்தக் காலத்துப் பந்தய எஞ்சின்கள் பலவற்றுக்கு விளக்கெண்ணெய் கலந்த ஆயிலே உயிர். கொதிக்கும் சூட்டிலும் அது உலோகத்தை விட்டு நழுவாது. ஆனால் சீக்கிரம் பிசின்போல இறுகிவிடும், அதனால் பந்தயம் முடிந்த கையோடு வடித்துவிட வேண்டும். தினமும் அலுவலகத்துக்கும் ஞாயிறு காலையில் தடா வரைக்கும் ஓடுகிற இன்றைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அது கட்டுப்படியாகாது. சூடும் தாங்க வேண்டும், பல ஆயிரம் கிலோமீட்டரும் உழைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆயிலைத் தேடிப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "ஃபுல் சிந்தெடிக்கா, செமி போதுமாண்ணே?"

கேள்வியில் பிழையில்லை. ஆனால் அதற்கான பதில் கேனின் முன்பக்கப் பெரிய எழுத்தில் கிடைக்காது.

எஞ்சின் ஆயிலின் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், மீதி வேதிச் சேர்மானங்கள். அடிப்படை எண்ணெயை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அதாவது ஏ.பி.ஐ., ஐந்து வகையாகப் பிரிக்கிறது. முதல் இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்து வரும் வழக்கமான கனிம எண்ணெய்கள். மூன்றாவதும் கச்சாவிலிருந்து வருவதே, ஆனால் ஹைட்ரஜன் செலுத்திக் கடுமையாகச் சுத்திகரித்தது. நான்காவது வகை ஆலையில் மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டப்படும் பாலிஆல்ஃபாஓலிஃபின். எஸ்டர் போன்றவை ஐந்தாவதில் அடங்கும். மூன்றாம் வகையைச் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் பெரிய சச்சரவு நடந்தது. விற்கலாம் என்று 1999-ல் அங்குள்ள விளம்பரச் சுயஒழுங்கு அமைப்பு சொல்லிவிட்டது. ஆகவே ஃபுல் சிந்தெடிக் என்று எழுதிய இரண்டு கேன்களுக்குள் இருவேறு சரக்கு இருக்கலாம். செமி சிந்தெடிக்கில் நிலைமை இன்னும் தெளிவில்லாதது. எத்தனை சதவீதம் சிந்தெடிக் கலந்திருக்கிறது என்பதைக் கேன்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? காரோடு வந்த மானுவலைப் பார்க்க வேண்டும். அதில் மூன்று விவரங்கள் இருக்கும்: பிசுபிசுப்பு எண், ஏ.பி.ஐ. அல்லது ஐரோப்பியத் தர எழுத்து, பல நிறுவனங்களில் அவர்களே கொடுக்கும் அங்கீகார எண். ஃபோக்ஸ்வாகனுக்கு 502 00 அல்லது 508 00, மெர்சிடிஸுக்கு 229.5, போர்ஷேக்கு ஏ40 என்பவை அந்த மாதிரி எண்கள். இந்த எண் பொருந்தினால் சிந்தெடிக்கா செமியா என்ற கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும், ஏனென்றால் இன்றைய டர்போ எஞ்சின்களுக்கான கடுமையான அங்கீகாரங்களைச் செமி சிந்தெடிக் பெரும்பாலும் எட்டுவதில்லை. கேனின் பின்பக்கத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்று இருக்கிறதா, 'இந்தத் தரத்துக்குப் பொருந்தும்' என்று மட்டும் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாவது கார் நிறுவனம் சோதித்துக் கொடுத்த ஒப்புதல், இரண்டாவது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது.

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் குறிக்கும். உறைபனிக்கும் கீழான குளிரில்தான் அதற்குச் சோதனை. திருத்தணி 40 டிகிரியைத் தாண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த எண்ணைவிட, 100 டிகிரியில் அளக்கும் பின்னெண்ணும், 150 டிகிரியில் படலம் கிழியாமல் நிற்கும் வலுவுமே முக்கியம். அதற்காக மானுவல் 30 என்று சொல்லும் காருக்கு 'நம்மூர் வெயிலுக்கு 50 ஊத்துங்க' என்ற யோசனையை அப்படியே ஏற்கக் கூடாது. வால்வு நேரத்தை மாற்றும் நுட்பமான அமைப்புகள் ஆயில் அழுத்தத்தில் இயங்குபவை, தடித்த ஆயிலில் அவை தடுமாறும். மானுவலே வெப்பநிலைக்கேற்ப வேறு எண்களை அனுமதித்திருந்தால் அந்த வரம்புக்குள் தேர்ந்தெடுக்கலாம்.

டர்போ உள்ள சிறு பெட்ரோல் எஞ்சின்களுக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது, பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைத்துவிடலாம். ஆயிலில் கால்சியம் சேர்மானம் அதிகமானால் இந்த ஆபத்தும் கூடுகிறது என்று ஆய்வில் தெரிந்தபின், 2018-ல் எஸ்.என். பிளஸ், 2020-ல் எஸ்.பி. என்று ஏ.பி.ஐ. புதிய தரங்களைக் கொண்டுவந்தது. ஆனால் காரனோடை, கவரைப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலைக் கடைகளில் சட்டென்று கைக்குக் கிடைப்பது லாரிக்கான 15டபிள்யூ-40 டீசல் ஆயில். ஆயில் விளக்கு எரிந்து வேறு வழியே இல்லாதபோது, பணிமனை போய்ச் சேரும் வரைக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். சேர்ந்ததும் முழுதாக மாற்றிவிட வேண்டும்.

செமி சிந்தெடிக்குக்கும் இந்த மாவட்டத்தில் நியாயமான இடம் உண்டு. 1998 முதல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் உருவானது, பின்னர் சீடியாவும் வந்தது. தேசிய ராலிகளில் பல ஆண்டுகள் ஓடிய கார் அது. டர்போ இல்லாத அத்தகைய பழைய எஞ்சினை மிதமாக ஓட்டி, ஆயிலையும் நேரத்துக்கு மாற்றுகிறவருக்கு, மானுவல் அனுமதிக்கும் எண்ணில் நல்ல செமி சிந்தெடிக் போதுமானது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய ஃபுல் சிந்தெடிக்கை 15,000 கிலோமீட்டர் இழுப்பதைவிட இது எஞ்சினுக்கு நல்லது. அதே காரை இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் விரட்டப் போகிறார் என்றால் கணக்கு மாறும். அங்கே சூடு தாங்கும் ஃபுல் சிந்தெடிக்கே வேண்டும், தடத்தில் ஓட்டிவிட்டு வந்ததும் அதையும் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகளும் உருட்டாலைகளும் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே லாரிப் புழுதியில் ஊர்ந்து போய், ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் காருக்கு மானுவலின் 'கடுமையான பயன்பாடு' பகுதி பொருந்தும். ஆயில் மாற்றும் இடைவெளி அதில் குறைவாகவே இருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்தோ கிழிந்தோ இருந்தால் உள்ளே போகும் மண்துகள் உயர்ந்த ஆயிலையும் அரைக்கும் பசையாக்கிவிடும்.

தவறான ஆயிலின் விலையை ஐரோப்பா அண்மையில் பார்த்தது. அங்கு விற்ற 1.2 லிட்டர் பியூர்டெக் எஞ்சின் சிலவற்றில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். பெல்ட் காலத்துக்கு முன்பே நைந்து, துகள்கள் ஆயில் பம்ப் சல்லடையை அடைத்து, ஆயில் அழுத்தம் விழுந்த புகார்கள் குவிந்தன. பொருத்தமில்லாத ஆயிலும், பெட்ரோல் கலந்து கெட்ட ஆயிலும் அந்தச் சிதைவை விரைவுபடுத்தின. 2024-ல் அந்த எஞ்சினைத் தயாரிக்கும் ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் அங்கே உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. அதன் பலன், உரிய காலத்தில் உரிய பராமரிப்பு நடந்ததை ஆவணத்தோடு காட்டியவர்களுக்கே. சர்வீஸ் பில்லைத் தூக்கிப் போட்டவர்கள் தவித்துப் போனார்கள்.

நம்மூரிலும் நுகர்வோரின் முதல் ஆயுதம் பில்தான். ஆயிலின் முழுப்பெயர், பிசுபிசுப்பு எண், அங்கீகார எண், கேனின் பேட்ச் எண், எத்தனை லிட்டர், ஓடிய கிலோமீட்டர் ஆகிய அத்தனையும் அதில் ஏற வேண்டும். 'ஆயில் சேஞ்ச்' என்று ஒற்றை வரியில் எழுதிய பில் வழக்கில் பெரிதாக உதவாது. கேனில் தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் தொடர்பு விவரம் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. ட்ரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலில் இவை எதையும் சரிபார்க்க வழியில்லை. மூடி வளையம் முறியாமல், உள்ளே தகடு சீல் பிரியாமல் இருக்கும் கேனைத் தன் கண் முன்னே திறக்கச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊற்றியபின் காலி கேனைக் கேட்டு வாங்கி, அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். முத்திரை கெடாத காலி கேன்கள்தான் போலி ஆயில்காரர்களின் மூலதனம்.

"வெளியில் ஆயில் மாற்றினால் வாரன்ட்டி போச்சு" என்று சொல்லக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், வெளிப் பணிமனைக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றது. வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. ஆனாலும் வாரன்ட்டி மறுக்கப்படுகிறவர், எந்த ஆயிலால் எந்தப் பாகம் எப்படிக் கெட்டது என்று எழுத்தில் கேட்க அது நல்ல பிடி.

எஞ்சின் பழுதாகிவிட்டால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. மானுவலில் சொன்ன ஆயில்தானா என்ற சந்தேகம் இருந்தால் எஞ்சினைப் பிரிக்கும் முன் படம் எடுத்து, சம்ப்பிலிருந்து வடியும் ஆயிலைச் சுத்தமான, ஈரமில்லாத இரண்டு பாட்டிலில் பிடித்து, பணிமனைக்காரரையும் கையெழுத்திடச் சொல்லி சீல் வைக்க வேண்டும். ஃபில்டரையும் எறியக் கூடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 38-வது பிரிவின்படி, பொருளின் குறையைச் சோதனையின்றி அறிய முடியாதபோது ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மாதிரி கையில் இல்லையென்றால் அந்தப் பிரிவால் பலன் குறைவு.

முதலில் எழுத்துப்பூர்வ நோட்டீஸ், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கியது எங்கே என்றாலும், தான் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையெனில் கட்டணம் இல்லை. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சிப்காட் முதலாளிகள் பலரும் காரை கம்பெனி பெயரில் பதிவு செய்கிறார்கள். 'வணிகப் பயன்பாடு, இவர் நுகர்வோரே அல்ல' என்ற வாதம் அப்போது எழும். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் கார் அளவுக்கு மீறிச் சூடான வழக்கில், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. லாபம் ஈட்டும் வேலையோடு நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பதே அளவுகோல். ஆகவே காரை யார், எதற்கு ஓட்டுகிறார்கள் என்பதற்கான சான்றும் கோப்பில் இருக்கட்டும்.

வடித்த கருப்பு ஆயில் எங்கே போகிறது என்பதும் காரின் சொந்தக்காரர் கேட்க வேண்டியது. சட்டப்படி அது அபாயக் கழிவு. முறையாகச் சுத்திகரித்தால் மறுபடி நல்ல அடிப்படை எண்ணெயாகும், அரைகுறையாக வடிகட்டினால் போலி கேனுக்குள் புகும், சாக்கடையில் ஊற்றினால் கொசஸ்தலையாற்றுக்குப் போகும். 2024 ஏப்ரல் 1 முதல் இதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் மீது விழுந்திருக்கிறது. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்ததற்கான ரசீதைப் பணிமனை காட்ட மறுத்தால், அல்லது மண்ணில் கொட்டுவது தெரிந்தால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் படத்தோடு, தேதி, இடம் குறிப்பிட்டு எழுத்தில் புகார் தரலாம்.