காற்றால் குளிரும் சிறு பொறிகளுக்கான எண்ணெய்

காற்றால் குளிரும் சிறு பொறிகளுக்கான எண்ணெய் என்பது புல்வெட்டி, களையெடுக்கும் கருவி, விசைத்தெளிப்பான் முதலியவற்றின் பொறிகளில் உராய்வைக் குறைக்கும் உயவு எண்ணெய் ஆகும். தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டியை அடுத்துள்ள கடம்பூர் போன்ற கரிசல் ஊர்களில் புல்தரைகள் அரிது. எனினும் புல்வெட்டியில் உள்ள அதே வகைப் பொறிகள் இங்கு மானாவாரி நிலங்களில் பயன்படுகின்றன. மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட பின்னர் தெளிப்பான்களின் தேவை கூடியது.

எண்ணெயின் பணி

இப்பொறிகளில் ரேடியேட்டர் கிடையாது. விசிறிக் காற்றும், உருளையைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுமே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. ஒரு பகுதியை எண்ணெய் சுமக்கிறது. அந்த எண்ணெயின் அளவோ சிறிது: 160 கன செ.மீ. பொறியொன்றில் ஏறத்தாழ 0.6 லிட்டர். பலவற்றில் எண்ணெய் வடிகட்டியும் இல்லை. ஆதலால் உள்ளே புகுந்த கரிசல் புழுதி எண்ணெயிலேயே தங்கி, உப்புத்தாள் போல உலோகத்தைத் தேய்க்கும்.

பாகுநிலை

நால்வீச்சுப் பொறிகளுக்கான எண்ணெயின் பாகுநிலை எஸ்.ஏ.இ. எண்ணால் குறிக்கப்படுகிறது. எஸ்.ஏ.இ. 30, 10டபிள்யூ-30 ஆகிய இரண்டும் 100 °செ. வெப்பநிலையில் ஒரே பாகுநிலை வரம்பைச் சேர்ந்தவை. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். பனிநாடுகளில் பொறியை எளிதில் இயக்க உதவும் அத்தன்மையால் கடம்பூருக்குப் பெரும்பயன் இல்லை. மேலும், 27 °செ.க்கு மேல் 10டபிள்யூ-30 பயன்படுத்தினால் எண்ணெய்ச் செலவு கூடலாம் எனப் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனக் கையேடுகள் கூறுகின்றன. ஹோண்டா கையேடுகளோ பொதுப் பயன்பாட்டிற்கு அதனையே பரிந்துரைக்கின்றன. எனவே பொறியின் கையேடே முதற்சான்று. கையேடு இடந்தந்தால் கோடைக்கு எஸ்.ஏ.இ. 30 பொருத்தமானது. இருசக்கர வண்டிகளுக்கென எங்கும் கிடைக்கும் 20டபிள்யூ-40 எண்ணெயையும் கையேட்டைப் பார்த்த பின்னரே ஊற்ற வேண்டும்.

இருவீச்சுப் பொறிகள்

முதுகில் சுமக்கும் விசைத்தெளிப்பான்கள் பலவற்றில் இருப்பது வழக்கில் 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சுப் பொறியாகும். இதில் எண்ணெய்க்குத் தனி அறை இல்லை. பெட்ரோலுடன் கலந்தே ஊற்ற வேண்டும். 25:1 விகிதம் எனில் லிட்டருக்கு 40 மி.லி.; 50:1 எனில் 20 மி.லி. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது நல்ல பழக்கமன்று. வெறும் பெட்ரோலில் ஓடினால் பிஸ்டன் விரைவில் சூடேறி உருளையில் இறுகிவிடும்; பட்டறைகளில் 'சீஸ் ஆகிவிட்டது' என்பர். கலந்ததையும் கலக்காததையும் பிரித்தறியவே இவ்வெண்ணெய்களுக்குப் பெரும்பாலும் நிறம் ஏற்றப்படுகிறது. நால்வீச்சு எண்ணெயை இங்குக் கலத்தலாகாது. அதிலுள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து சாம்பலாகித் தீப்பொறிச் செருகியில் படியும். டி.சி.-டபிள்யூ 3 எனக் குறிக்கப்பட்டது நீரால் குளிரும் படகுப் பொறிகளுக்கானது. ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. குறியீடு உள்ளதை வாங்குதல் நன்று.

மாற்றும் காலம்

புதிய நால்வீச்சுப் பொறியில் முதல் எண்ணெயை, தயாரிப்பைப் பொறுத்து, 5 முதல் 20 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 50 அல்லது 100 மணிக்கு ஒருமுறையும் மாற்றுவர். புழுதியில் உழைக்கும் பொறிக்கு இதனினும் முன்னதாகவே மாற்ற வேண்டும். காற்று வடிகட்டியையும் அடிக்கடி தூய்மை செய்ய வேண்டும். எண்ணெய் அளவைச் சமதரையில் வைத்தே பார்க்க வேண்டும். வரப்பில் சாய்ந்து நிற்கும் பொறியின் அளவுகோல் தவறாகக் காட்டும்.