ஆட்டுக்கொல்லி ஆய்வும் மேற்கோள் கணக்கும்

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. ராபர்ட்சன்பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், நிலமில்லாதோருக்கும் சிறு விவசாயிகளுக்கும் நான்கைந்து ஆடுகளே சேமிப்பு. அவசரத் தேவைக்கு உடனே விற்றுப் பணமாக்கக்கூடிய சொத்து. இச்சேமிப்பைச் சில நாட்களில் அழித்துவிடக்கூடியது ‘ஆட்டுக்கொல்லி’ எனப்படும் வைரஸ் நோய். அதைத் தடுக்கும் ஊசி மருந்துக்குப் பின்னால் ஆராய்ச்சிக் கட்டுரைகள் உள்ளன. அவற்றின் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது என்பது, பொதுப் பணத்தை ஆராய்ச்சிக்குச் செலவிடும் நாடு கேட்டாக வேண்டிய கேள்வியாகும்.

நோயை இனங்கண்ட வரலாறு

இந்நோய் 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். மாடுகளைத் தாக்கும் வெக்கை நோயின் வைரஸும் இதே இனத்தைச் சேர்ந்தது. எனவே நம் நாட்டு ஆடுகளில் இவ்வறிகுறிகள் தோன்றியபோது, வெக்கை நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

1987இல் தமிழ்நாட்டின் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் செம்மறியாடுகள் நோயுற்றன. பெங்களூர் இந்திய அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அது ஆட்டுக்கொல்லியே என்று நிறுவி, 1989இல் பிரிட்டனின் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டனர். மாடுகளிடையே வெக்கை நோயை ஒழிக்க நாடு முயன்றுவந்த காலம் அது. ஆடுகளிடம் காணப்பட்டது வேறொரு வைரஸ் என்று பிரித்தறிந்தது அம்முயற்சிக்கும் தெளிவு தந்தது. இந்தியாவில் வெக்கை நோய் கடைசியாக 1995இல் காணப்பட்டது. உலகிலிருந்து அது ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

1996இல் ஷைலா பன்னாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து ‘வைரஸ் ரிசர்ச்’ இதழில் எழுதிய கட்டுரை, ஆட்டுக்கொல்லி வைரஸை நான்கு மரபுக் கிளைகளாக வகுத்தது. இத்துறையில் பின்வந்தோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் கட்டுரை இது.

எண்ணிக்கையின் பயன்

ஒரு கட்டுரையைப் பிறகு எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனை முறை சான்றாகக் காட்டுகின்றன என்பதே மேற்கோள் கணக்கு. யூஜீன் கார்ஃபீல்டு அமெரிக்காவில் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964 முதல் இதனை முறைப்படுத்திற்று. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ், தனி ஆய்வாளருக்கென ‘எச்’ குறியீட்டை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோளாகி, அவ்வாறு 21 முறை மேற்கோளான 21 கட்டுரைகள் இல்லையெனில், அவருடைய குறியீடு 20. ஒரே ஒரு புகழ்பெற்ற கட்டுரையால் மட்டும் இக்குறியீடு உயர்ந்துவிடாது என்பது இதன் சிறப்பு.

எண்ணிக்கையின் எல்லை

ஆயினும், மேற்கோள் கணக்கு காட்டுவது ஆய்வாளர் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொள்ளும் அளவை மட்டுமே. பலர் உழைக்கும் துறையில் எண்ணிக்கை இயல்பாகவே பெருகும். சிலரே உழைக்கும் கால்நடை வைரஸ் துறையில் அது குறையும். ஆகையால் இரு துறையினரின் எண்களை நேரடியாக ஒப்பிடுதல் பொருந்தாது. உள்நாட்டு இதழ்களில் வெளிவரும் பயனுள்ள ஆய்வுகள் பன்னாட்டு அட்டவணைகளில் இடம்பெறாமலும் போகலாம். நோயுற்ற ஆட்டிடமிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் கால்நடை மருத்துவரின் உழைப்பும் இக்கணக்கில் சேர்வதில்லை.

மருந்தாக மாறிய ஆய்வின் நிலையும் இதுவே. அரசூரில் கிடைத்த வைரஸைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், இமாசலப் பிரதேசத்தின் சுங்ரியில் கிடைத்த வைரஸைக் கொண்டு இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையமும் தடுப்பு மருந்துகளை உருவாக்கின. ஒருமுறை போடும் ஊசி சுமார் மூன்றாண்டுகள் காப்பளிக்கிறது. ஆனால், ஊசி போடப்பட்டுப் பிழைக்கும் ஆடு எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை.

மதிப்பிடும் முறை

இதழின் புகழைக் காட்டும் எண்ணைக் கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடலாகாது என, 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் வலியுறுத்துகிறது. ஆராய்ச்சிக்கு நிதி வழங்குவோர் மேற்கோள் கணக்கைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. அதனுடன் வேறு சில கேள்விகளையும் கேட்க வேண்டும். கட்டுரையின் முடிவு மருந்தாயிற்றா? நோயறியும் சோதனையாயிற்றா? கிராமத்து மருந்தகம் வரை சென்றதா?

ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகிலிருந்து ஒழிப்பதென்று 2015இல் பன்னாட்டு அமைப்புகள் இலக்கு வகுத்தன. அதை எட்டுவதற்கு ஆய்வகத்தின் கட்டுரையும் வேண்டும். கோலார் மாவட்டத்தின் கடைசி மந்தை வரை ஊசியும் சென்றடைய வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கும் மதிப்பீட்டு முறையே நாட்டின் முன்னேற்றத்திற்கு ஏற்றதாகும்.