தரைக்கு எது தகும்?

புது வீடு கட்டுவோர் சுவருக்குப் பத்து நாள் யோசிக்கின்றனர். தரையைப் பற்றிக் கடைசி நாளில்தான் யோசிக்கின்றனர்! எங்கள் திருமழபாடியிலும் இதே கதைதான். குளியலறையில் பளபளப்பான ஓடுகள் ஈரம் பட்டால் வழுக்கும். முதியோர் விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். அங்கே சொரசொரப்பான ஓடுகளை, தண்ணீர் வடியும் துளையை நோக்கிச் சற்றுச் சரிவாகப் பதிக்க வேண்டும்.

கூடத்திற்கு எங்கள் விருப்பம், காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கற்கள். இவற்றைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவர். அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவர். பின்பு தண்ணீரில் ஊறவைப்பர். கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு மெருகாகிறது. சிமெண்டால் ஆனதால் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, மெருகு போய்விடும். ஈரத் துணியால் துடைத்தாலே போதும்.