"எனக்கு வராது" என்ற பெண்கள் சைக்கிள் ஏறினார்கள்!

"எனக்கு வராது!"

இந்த இரண்டு சொற்களைச் சொல்லாதவர்கள் உண்டா?

கணக்கு வராது. இங்கிலீஷ் வராது. நாலு பேர் முன்னால் பேச வராது. சொல்லிச் சொல்லி, அது உண்மை என்றே நம்பிவிடுகிறோம்.

அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது ஆண்டிமடம். சுற்றிலும் முந்திரிக் காடு. கோடையில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் நேரமும், பள்ளிக்கூடப் பரீட்சை முடிவு வரும் நேரமும் அநேகமாக ஒன்றாகவே வரும். அந்தச் சமயத்தில் இந்தப் பேச்சு பல வீடுகளில் கேட்கும்.

"உனக்குப் படிப்பு வராது. பேசாமல் காட்டுக்கு வா" என்பார் அப்பா.

"எனக்கும் வரவில்லை, இதற்கும் வரவில்லை" என்பாள் அம்மா.

மகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். மூலையில் உட்கார்ந்து இருப்பாள். அவள் மனதில் அன்று என்ன பதிகிறது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தலைக்கனம் வேறு, தன்மதிப்பு வேறு

"நானும் ஓர் ஆள்தான். என்னாலும் நாலு காரியம் ஆகும்." இப்படி ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பதற்குத் தன்மதிப்பு என்று பெயர். "நான் எதற்கும் உதவாதவள்" என்று நினைப்பது தாழ்வு மனப்பான்மை.

தன்மதிப்பைத் தலைக்கனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்காவில் மாரிஸ் ரோசன்பர்க் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவர் 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவருடைய தன்மதிப்பை அளக்கப் பத்து வாசகங்களை அதில் கொடுத்தார். உலகம் எங்கும் இன்றும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். "நான் மற்றவர்களை விட உயர்ந்தவன்" என்று அதில் எங்கும் இல்லை. மற்றவர்களுக்குச் சமமாக நானும் மதிப்பு உள்ளவன் என்ற எண்ணம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். அடுத்தவனை மட்டம் தட்டுகிறவனுக்குத் தன்மதிப்பு அதிகம் என்று எண்ண வேண்டாம்!

மக்குப் பையன் போட்ட கணக்கு

தாழ்வு மனப்பான்மை பற்றி முதலில் விரிவாகச் சொன்னவர் ஆல்பிரட் ஆட்லர் என்ற டாக்டர். ஆஸ்திரியா நாட்டில், வியன்னாவில் 1870-ல் பிறந்தவர். தகப்பனார் தானிய வியாபாரி. பையனுக்கு எலும்பு பலவீனம். நாலு வயது வரை சரியாக நடக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வரவில்லை. ஆசிரியர் தகப்பனாரிடம், "இவனைச் செருப்புத் தைக்கும் வேலைக்கு அனுப்பிவிடுங்கள்" என்றாராம். (கால் அளவு எடுத்துத் தோல் வெட்டுவதற்கும் கணக்கு வேண்டும்! அது அந்த ஆசிரியருக்குத் தெரியவில்லை.) தகப்பனார் அதைக் கேட்கவில்லை. மகனைத் தொடர்ந்து படிக்க வைத்தார்.

ஒரு நாள் ஆசிரியர் பலகையில் ஒரு கணக்கைப் போட்டார். அவருக்கே விடை வரவில்லை. ஆட்லர் எழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போய் விடையை எழுதிவிட்டு வந்தார். அதன்பிறகு கணக்கில் அவர்தான் முதல். பிற்காலத்தில் ஆட்லரே சொன்ன கதை இது.

பெரியவர்கள் நடுவில் சிறியவனாக வளர்கிற எந்தக் குழந்தைக்கும் தாழ்வு உணர்ச்சி இருக்கும் என்றார் ஆட்லர். அது குறை அல்ல. அந்த உணர்ச்சிதான் முயற்சி செய்யத் தூண்டுகிறது. முயற்சி செய்ய வழி இல்லாமல் கதவை அடைத்தால்தான் அது நோயாக மாறுகிறது.

புதுக்கோட்டையில் நடந்த அதிசயம்

ஒரு குழந்தை சரி. வளர்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் "எனக்கு வராது" என்று இருந்தால்? அவர்களை மாற்ற முடியுமா?

முடியும். அதற்கு வியன்னா வரை போக வேண்டாம். ஆண்டிமடத்தில் இருந்து தெற்கே, தஞ்சாவூரைத் தாண்டினால் புதுக்கோட்டை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இயக்கம். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி.

அவர் ஒரு புதுமை செய்தார். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்! பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். சைக்கிள் வாங்க பாங்கிகளில் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார்.

யார் கற்றுக்கொள்ள வந்தார்கள்? வயல் வேலை செய்யும் பெண்கள். கல் குவாரியில் கல் உடைக்கும் பெண்கள். ஆயாக்கள், நர்சுகள், ஆசிரியைகள். முஸ்லிம் பெண்களும் வந்தார்கள். தெருவில் ஆண்கள் கேலி செய்தார்கள். காது கூசும்படி பேசினார்கள். பெண்கள் பெடலை மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மைதானத்தில் பயிற்சி நடக்கும். ஒருத்தி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி ஏறுவாள். விழுவாள். மறுபடி ஏறுவாள். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். இதில்தான் விஷயமே இருக்கிறது. நேற்று வரை "எனக்கு வராது" என்றவள் இன்று வாத்தியார்!

1992 மார்ச்சில் மகளிர் தினம். புதுக்கோட்டை வீதிகளில் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். ஹேண்டில் பாரில் கொடி. கிணிங் கிணிங் என்று மணி. ஊர் திகைத்துப் போனது.

பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் கற்றுக்கொண்டார்கள் என்பது அவர் தரும் கணக்கு. ஒரு லட்சத்துக்கும் அதிகம்! அவர்களில் 70 ஆயிரம் பேருக்கு மேல் பொது இடத்தில் ஓட்டிக் காட்டினார்கள். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனது. ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்கள்.

சைக்கிளால் நாலு காசு மிச்சம் ஆனது உண்மை. பஸ்சுக்குக் காத்திருக்க வேண்டியது இல்லை. தண்ணீர் கொண்டுவரலாம். விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அந்தப் பெண்களிடம் கேட்டால் காசை முதலில் சொல்லவில்லை. "இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்" என்பதையே பெரிதாகச் சொன்னார்கள்.

பாம்பைத் தொட்டவர்கள்

கலெக்டர் கையாண்ட வழி சரிதான் என்பதற்கு மனோதத்துவத்தில் ருசு இருக்கிறது.

ஆல்பர்ட் பண்டுரா என்ற பேராசிரியர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். பாம்பு என்றால் நடுங்குகிறவர்களை அழைத்தார். விஷம் இல்லாத பாம்பை முதலில் பயிற்சியாளர் தொட்டுக் காட்டினார். பிறகு அவர் பக்கத்தில் நிற்க, பயந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார்கள். கடைசியில் ஏறக்குறைய எல்லோரும் பாம்பைக் கையில் எடுத்துவிட்டார்கள்!

வேறு சிலர் சினிமாப் படத்தில் மட்டும் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த அளவு பயம் போகவில்லை.

"என்னால் முடியும்" என்ற எண்ணம் வருவதற்கு நாலு வழிகள் உண்டு என்று பண்டுரா 1977-ல் எழுதினார். தானே செய்து பார்ப்பது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் தட்டிக்கொடுப்பது. உடம்பின் படபடப்பு அடங்குவது. இதில் முதல் வழிக்குத்தான் பலம் அதிகம். சைக்கிள் சீட்டைப் பின்னால் ஒருத்தி பிடித்தாளே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

வெறும் புகழ்ச்சி உதவுமா?

"நீ கெட்டிக்காரி, நீ ராணி" என்று புகழ்ந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம்.

போதாது. 2009-ல் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. மணி ஓசை கேட்கும்போதெல்லாம் "நான் அன்புக்கு உரியவன்" என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார்கள். தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு இதனால் மனம் தேறவில்லை. அப்படிச் சொல்லாதவர்களைவிடச் சோர்வுதான் வந்தது! வாய் ஒன்று சொல்ல, மனம் "இல்லை" என்றது.

அமெரிக்காவில் 1998-ல் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. எளிய புதிரைத் தீர்த்த பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றார்கள். சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர் கொடுத்தார்கள். இரு சாராரும் தடுமாறினார்கள். மறுபடி எளிய புதிர் வந்தபோது "புத்திசாலி"கள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள். உழைத்ததாகப் பாராட்டுப் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். "புத்திசாலி"களில் பத்துக்கு நாலு பேர், வாங்கிய மார்க்கைக் கூட்டிப் பொய் சொன்னார்கள். பட்டம் பறிபோகுமே என்ற பயம்!

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆண்டிமடத்து மூலையில் உட்கார்ந்து இருக்கும் மகளிடம் வருவோம்.

அவளுக்குப் பெரிய பட்டம் எதுவும் கொடுக்க வேண்டாம். "உருப்பட மாட்டாய்" என்ற சாபமும் வேண்டாம். எந்தப் பாடத்தில் போனது என்று பாருங்கள். கணக்கா? அந்தப் பாடத்தில் அவளுக்குத் தெரிந்தது எது என்று கேளுங்கள். அங்கே இருந்து ஒரு கணக்கு, இரண்டு கணக்கு என்று தினமும் போடட்டும். அதே பாடத்தில் முன்பு தோற்று, பிறகு தேறிய அக்காள் யாராவது தெருவில் இருப்பாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது. ஒரு வருடம் காத்திருக்க வேண்டியது இல்லை.

பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடும் வழக்கத்தைப் பெற்றோர் விட்டால் நல்லது. அரசாங்கமே விட்டுவிட்டது! மாநிலத்தில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று பெயர் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. நாம் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து ஏன் ராங்க் போட வேண்டும்?

படிக்கத் தெரியாத அம்மாவும் உதவலாம். "எனக்கு இந்த எழுத்தைச் சொல்லிக் கொடு" என்று மகளிடமே கேட்கட்டும். புதுக்கோட்டையில் நடந்தது அதுதானே!

ஆனால் சில பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது. சாப்பிட மாட்டார்கள். தூங்க மாட்டார்கள். "நான் இருந்து என்ன பயன்?" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் தாமதம் கூடாது. பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு டெலிபோனும் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.