மரம் திருப்பி அடிக்கும்... விரல் ஜாக்கிரதை!

வீட்டில் அலமாரி வேலை நடக்கிறதா? வராந்தாவில் மேஜை ரம்பம் அலறிக்கொண்டிருக்கிறதா? ஆசாரிக்குக் காபி கொண்டுபோகும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

'பலகையை நாமதானே தள்றோம், அது எப்படித் திருப்பி அடிக்கும்?' என்கிறீர்களா? 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், அதன் பற்கள் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி அறுக்கும். பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழும். பலகை கோணியோ, அறுத்த இடைவெளி நெருங்கியோ பின்பற்களில் மாட்டினால் போச்சு! பலகை அறுப்பவர் மீதே எறியப்படும். வயிற்றிலோ முகத்திலோ அடி. அதைப் பிடித்திருந்த கை பிளேடின் மேல் போய்விடும். சுதாரிக்க நேரமே இருக்காது.

இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடும், மேலே ஒரு மூடியும் உண்டு. 'வேலைக்கு இடைஞ்சல்' என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். கை ரம்பத்தை பிளைவுட் பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி மேஜையாக்கினாலோ, பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. வேலை தொடங்கும்போதே ஆசாரியிடம் தயங்காமல் கேளுங்கள்.

இன்னும் சில:

* பிளேடுக்கு நேராக நிற்காமல், சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.
* சின்னத் துண்டுகளை விரலால் தள்ளாமல், குச்சியால் தள்ள வேண்டும்.
* கையுறை கூடாது. பிளேடு அதோடு கையையும் இழுத்துவிடும். கண்ணாடி அவசியம்.
* ரம்பம் ஓடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மீறி விரல் துண்டாகிவிட்டால்? காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். மோதிரம் இருந்தால் கழற்றுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது, திசு கெட்டுவிடும். தோலில் ஒட்டித் தொங்கினால் வெட்டி எடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விரலை ஒட்டவைக்கும் வசதி எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்டுப் போவது நல்லது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

அலமாரி நாலு நாள் தள்ளிப்போனால் குடிமுழுகாது. ஆசாரிக்கோ அந்தப் பத்து விரல்தான் பிழைப்பு. 'மூடியைப் போட்டுட்டு அறுங்க அண்ணே' என்று சொல்லிவிட்டுக் காபியைக் கொடுங்கள்!